கணக்கை என் பெயருக்கு மாற்றிவிட்டேன்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன்னுடைய சுகத்துக்கும், மருமகன், பேரப்பிள்ளைகளின் சுகத்துக்கும் வற்றாப்பளை அம்மாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இதை நான் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' என்பதைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தை அமத்திவிட்டுக் கதைக்க வேணும். வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொன்னால் பிழைபிழையாக விழுகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசித்த மாதிரி நிறுத்திச் சொன்னால் சரியாக விழுகிறது. அதனால் அம்மா கதைக்கிற மாதிரி இல்லையே என்று யோசிக்காதே, நான்தான்.

முதலில் ஒரு விசயம். நீ போனமுறை வந்தபோது போட்டுத் தந்த கூகுள் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். என் பெயரில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். பாஸ்வேட் என்னிடம்தான் இருக்கிறது. கோபிக்காமல் முழுவதையும் வாசி.

மாசி மாதம் நெல் அருவி வெட்டு நேரம் போன் வாய்க்காலுக்குள் விழுந்தது உனக்குத் தெரியும். கிளிநொச்சியில் திருத்தக் கொடுத்தேன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துத்தான் திருப்பித் தந்தார்கள். திறந்தால், முன்பு இதில் இருந்த கணக்கின் பாஸ்வேட்டைத் தா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. போனைத் திருடுகிறவன் அழித்துவிட்டுப் பாவிக்கக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிற பூட்டாம் அது. நல்ல பூட்டுத்தான், ஆனால் திறப்பு ரொறன்ரோவில் உன்னிடம் இருந்தது. நான் அயல்வீட்டுப் போனில் இருந்து உனக்கு எடுக்கிற நேரம் நீ வேலையில். நீ வேலை முடிந்து எடுக்கிற நேரம் எனக்கு விடியச் சாமம். கணக்குக் கேட்ட இலக்கம் உன் போனுக்கு வந்து, நீ பார்க்க முன்னம் காலாவதியாகிவிடும். அந்த இலக்கம் நேரத்துக்குக் கிடைக்கும்வரை பதினொரு நாள் அந்தப் போன் சாமித்தட்டில் சும்மா கிடந்தது. நீ விமானநிலையத்தில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: "அம்மா, பாஸ்வேட் உங்களுக்குத் தேவைப்படாது, எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்." அன்பாகத்தான் சொன்னாய். ஆனால் பிள்ளை, 2010இல் தறப்பாள் கொட்டிலில் இருந்து இந்த வளவைத் திரும்பக் கட்டினவள் நான். என் போனை நானே பார்த்துக்கொள்ள மாட்டேனா?

பக்கத்து வளவில் ஏ.எல். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டேன். ஒரு நிபந்தனை சொன்னேன்: நீ போனைத் தொடக்கூடாது, வாயால் சொல்லு, நான் அமத்துகிறேன். முதல் நாள் ஒரு மணித்தியாலம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டாம் நாள் நான் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து, எந்தப் படத்தை அமத்தினால் என்ன வரும் என்று ஒவ்வொரு படியையும் கீறி எழுதினேன். மறந்தால் கொப்பியைப் பார்க்கிறேன். உன்னுடைய இலக்கத்தை, கணக்குப் பூட்டுப்பட்டால் மீட்கிற இலக்கமாகக் கொடுத்திருக்கிறேன். திறப்பு என்னிடம், மாற்றுத் திறப்பு உன்னிடம்.

நீ நாற்பதுக்கு மேல் செயலி போட்டுத் தந்திருந்தாய். காலடி எண்ணுகிறது, தண்ணி குடிக்கச் சொல்லுகிறது, குளிசைக்கென்று தனியாக ஒன்று. பத்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். பிறசர்க் குளிசைக்கு மணிக்கூட்டில் உள்ள அலாரமே போதும், அதிலேயே 'குளிசை' என்று பெயர் எழுதி ஒவ்வொரு நாளும் அடிக்க விடலாம். எழுத்தைப் பெரிதாக்கினேன். போனின் மொழியையும் தமிழாக்கினேன். சில சொற்கள் எங்கள் ஊருக்குப் புதிதுதான், பழகிவிட்டது.

இனி நான் உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. 2008 கடைசியில் சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது நீ பள்ளிக்கூடப் பையோடு வந்தாய். நான் சொப்பிங் பை ஒன்றுக்குள் பத்திரங்களைச் சுற்றி வயிற்றோடு கட்டினேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன் என்று இடம் மாறமாற, சாமான் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பையை மட்டும் விடவில்லை. அப்படியிருந்தும் உன் பிறப்புப் பத்திரம் நனைந்து கூழாகிப்போனது. செட்டிகுளம் அகதி முகாமால் வந்த பிறகு, நடமாடும் சேவை நடக்கிற இடமெல்லாம் வரிசையில் நின்று அதை எடுத்தேன். காணிப் பேமிற், அதுதான் காணி அனுமதிப் பத்திரம், அதில் ஒரு மூலை இப்போதும் இல்லை.

கூகுள் டிரைவில் கூட்டல் அடையாளத்தை அமத்தினால் 'ஸ்கான்' என்று வருகிறது. பத்திரத்தை மேசையில் வைத்துப் பிடித்தால் ஓரத்தைத் தானே வெட்டி, நேராக்கி, பி.டி.எஃப். ஆக வைக்கிறது. மூன்று பின்னேரம் இருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். காணிப் பேமிற், உன் பிறப்புப் பத்திரம், அப்பாவின் மரணச் சான்றிதழ், என் அடையாள அட்டையின் இரண்டு பக்கம், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எடுத்தவுடன் பெயர் வைக்க வேணும், அதில் சோம்பல் பட்டால் பிரயோசனம் இல்லை. போன் தானாக வைக்கிற திகதியும் இலக்கமும் ஆறு மாதம் போனால் ஒருவருக்கும் விளங்காது. 'காணி பேமிற் வட்டக்கச்சி' என்று தமிழிலேயே வைத்தேன். இப்போது 'காணி' என்று தேடினால் வந்து நிற்கிறது. சிக்னல் இல்லாத நாளிலும் திறக்கட்டும் என்று போனுக்குள்ளும் ஒரு பிரதி இருக்க விட்டிருக்கிறேன். அந்தக் கோப்புறையை உனக்கும் பகிர்ந்திருக்கிறேன், மின்னஞ்சலைப் பார். இனி இங்கே வெள்ளம் வந்தாலும், வேறு எது வந்தாலும், நான் கையை வீசிக்கொண்டு ஓடலாம். இதை எழுதச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியதில் போனும் இரண்டு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டது. திருத்தினேன்.

பத்திரம் முடியப் படங்கள். இதற்கு 'போட்டோஸ்கான்' என்று ஒரு செயலி, அதுவும் கூகுளுடையதுதான். வெறும் கமராவால் பழைய படத்தை எடுத்தால் வெளிச்சம் பட்டு முகத்தில் வெள்ளை அடிக்கும். இது படத்தின் மேல் நாலு புள்ளி காட்டும். போனை ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் கொண்டுபோக, எடுத்ததை எல்லாம் சேர்த்து அந்த வெள்ளையை நீக்கிவிடும். கண்ணாடிக்கு மேலால் எடுக்க வேண்டாம் என்று அப்பாவின் படத்தைச் சட்டத்தால் கழற்றினேன். 2003 வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் எடுத்தது. சமாதான காலம், ஏ9 வீதி திறந்து வெளிநாட்டில் இருந்தெல்லாம் சனம் வந்திருந்த வருசம். சட்டம் போட்ட கடைக்காரர் இடது பக்க ஓரத்தை உள்ளே மடித்து விட்டிருக்கிறார். நானும் மறந்தே போனேன். மடிப்பை விரித்தால் அப்பாவின் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கை. கையில் சிவப்புக் காப்பு. நீதான். அந்தப் படத்தைத்தான் முந்தாநாள் ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினேன். நீ 'அழகான படம் அம்மா' என்று மட்டும் போட்டிருந்தாய். பெரிதாக்கி இடது ஓரத்தைப் பார்.

இதெல்லாம் உள்ளே இருக்கிற கணக்கு என்பதால்தான் திறப்பு என் கையில் இருக்க வேணும் என்று நிற்கிறேன். 15 ஜிபி மட்டும் காசில்லாமல் தருகிறார்கள், மின்னஞ்சல், டிரைவ், படம் எல்லாம் அதற்குள் அடங்க வேணும். வட்ஸ்அப்பில் வருகிற 'காலை வணக்கம்' படங்களை அதற்குள் ஏற விடவில்லை.

சித்திரையில் ஒரு அலுவலகத்தில் இருந்து தனிச் சிங்களத்தில் கடிதம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியாயிற்று. கடிதம் எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. முன்பென்றால் பஸ் ஏறிப் போய் ஆரையும் கேட்டு வாசிப்பிக்க வேணும். இப்போது கூகுள் மொழிபெயர்ப்பில் கமராவைப் பிடித்தேன். தமிழ் அரைகுறைதான், வசனம் முன்பின்னாக வந்தது. ஆனால் எந்தத் திகதிக்கு முன்னம், என்ன பத்திரத்தோடு வரச் சொல்லுகிறார்கள் என்பது விளங்கியது. சட்டச் சொற்களை மட்டும் கிராம சேவையாளரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். ஒப்பம் வைக்கிற காரியம் என்றால் போனின் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி வைக்கக் கூடாது.

மழைக்கு 'விண்டி' என்ற வானிலைச் செயலியைப் பார்க்கிறேன். 2018 மார்கழி 21ஆம் திகதி இரவு உனக்கு நினைவிருக்கும். இரணைமடுக் குளத்தின் கதவு திறந்தது எங்களுக்குத் தண்ணி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆடு இரண்டும் போனது. இப்போது மாரி தொடங்கினால் படுக்க முன்னம் ஒருக்கால் பார்ப்பேன். அதில் ஐரோப்பியக் கணிப்பு என்று ஒன்று, அமெரிக்கக் கணிப்பு என்று ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிச் சொன்னால் நம்பலாம், ஒன்றுக்கொன்று மாறிச் சொன்னால் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேணும். மூன்று நாளுக்கு அப்பால் சொல்லுவதை நான் கணக்கெடுப்பதில்லை. இந்த முறை அதைப் பார்த்துத்தான் வெட்டு மெசினை இரண்டு நாள் முந்திப் பிடித்தேன். நெல் காய்ந்து சாக்குக்குள் போன பிறகுதான் மழை விழுந்தது. குளம், வெள்ள அறிவித்தலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அடிக்கிறேன். பயிரில் நோய் கண்டால் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1920க்கு அடித்துக் கேட்கிறேன், விவசாயத் திணைக்களத்தின் இலக்கம். போன முறை நெல்லில் அறக்கொட்டி என்கிற தத்திப் பூச்சி பிடித்த நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தத்தி தூரடியில் இருப்பதைக் கண்டேன், வெறுங் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒழுங்கைக்குப் பெயர் இல்லாத ஊர் இது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது, ஆனால் "ஆலமரத்தால் திரும்பி" என்று அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிற நேரம் உயிர் போய்விடும். அதனால் வீட்டின் இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்து, பக்கத்து வளவுக்காரருக்கும் அனுப்பியிருக்கிறேன். போன் பூட்டியிருந்தாலும் என் இரத்தவகை, நான் போடுகிற குளிசை, உன் இலக்கம் தெரிகிற மாதிரி 'அவசரத் தகவல்' எழுதியிருக்கிறேன். நீயும் உன் போனில் எழுது. தனியாக வாகனம் ஓடுகிறாய்.

வட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிட்டேன். யூரியூப்பில் படத் தெளிவை 360க்கு மேல் விடுவதில்லை. முன்பு இருபது நாளில் முடிந்த டேட்டா இப்போது மாதம் முழுக்க நிற்கிறது.

ஒன்றைக் கவனமாகக் கேள். எங்கள் பக்கத்தில் ஒருவரின் வட்ஸ்அப்பைப் பிடித்துவிட்டார்கள். தெரிந்த ஆள் மாதிரிக் கதைத்து, போனுக்கு வந்த ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டிருக்கிறார்கள், அவரும் சொல்லிவிட்டார். பிறகு அவர் பெயரில் வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கெல்லாம் "ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், காசு அனுப்பு" என்று போயிருக்கிறது. நான் வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்கிற இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறேன், நீயும் போடு. என் பெயரில் காசு கேட்டு எது வந்தாலும், குரலே வந்தாலும், ஆச்சி வளர்த்த வெள்ளைப் பசுவுக்கு என்ன பெயர் என்று கேள். அதை நான் எதிலும் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

இன்னும் எனக்குச் சரிவராதது வங்கிச் செயலி. பயமாக இருக்கிறது, ஆனால் பழக வேணும். உரம் எடுக்கிற கடைக்குக் காசு போடக் கிளிநொச்சிக்குப் போய்வர அரை நாள் போகிறது. சனிக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்கு எடு, உனக்குக் காலைதான். வட்ஸ்அப் வீடியோவில் திரையைப் பகிரலாம், அது எப்படி என்று கொப்பியில் இருக்கிறது. ரகசிய இலக்கம் அடிக்கிற நேரம் பகிர்வதை நிறுத்திவிடுவேன், உனக்கும் காட்ட மாட்டேன். நீ அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொல்லு. நான் பிழையாக அமத்தினால் "ஐயோ அம்மா" என்று சத்தம் போடாதே, திரும்பவும் சொல்லு. சின்னவனையும் பக்கத்தில் இருத்து, அவன் பார்க்கட்டும்.

மாடு வாசலில் வந்து நிற்கிறது. கட்டிவிட்டு வந்து விளக்கு வைக்க வேணும்.

அன்புடன்
அம்மா