செயலாளரின் ஆண்டறிக்கை 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நடத்திய மாணவர் பேச்சுப் போட்டியும் இனிதே நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஜூலை மாதம் சமூக மன்றத்தில் நாம் கூடிய அந்த ஒரு மாலையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் அமரர் திரு எஸ்.ஆர். நாதன் பிறந்து ஜூலை 3ஆம் தேதியுடன் நூறு ஆண்டுகள் நிறைந்தன. அவரை நினைவுகூரவே கூடினோம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அவரது மறைவுச் செய்தி வெளியான, 2016 ஆகஸ்ட் 23ஆம் தேதியிட்ட தமிழ் முரசு இதழை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்த தாளை மேசைமேல் விரித்து, பறக்காமலிருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாரமாக வைத்தார். அந்த வாரம் நாடாளுமன்றக் கட்டடத்தில் வரிசையில் நின்று இறுதி மரியாதை செலுத்தியவர் அவர்.

படத்தைப் பார்த்த தொடக்கப்பள்ளிச் சிறுவன் ஒருவன், “வெள்ளி நோட்டில் இருப்பவர் இவர்தானா, தாத்தா?” என்று கேட்டான். டாலர் நோட்டில் இருப்பவர் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். இவர் ஆறாவது அதிபர், 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பதவி வகித்தவர் என்று பெரியவர் பொறுமையாக விளக்கினார். சிறுவன்மேல் குறையில்லை. சொல்லித்தராதவர்கள் நாம்தான்.

பதவிகளைவிட திரு நாதன் தொடங்கிய இடத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். எட்டு வயதில் தந்தையை இழந்தவர். 1955இல் மருத்துவச் சமூக சேவகராக அரசுப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டே கடலோடிகளின் நலன் காக்கும் அதிகாரியானார். நோயாளியின் குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது, கரையிறங்கிய மாலுமிக்குத் தங்க இடம் உண்டா என்று பார்க்கும் வேலை. பின்னாளில் அதிபராக 2000இல் அவர் தொடங்கிய ‘அதிபர் சவால்’ நன்கொடைத் திட்டமும் அதே மனத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அன்று அறையே அமைதியானது லாஜு படகுச் சம்பவத்தைச் சொன்னபோதுதான். 1974 ஜனவரி 31ஆம் தேதி புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர், ‘லாஜு’ என்ற படகின் சிப்பந்திகளைப் பிணை பிடித்தனர். சிப்பந்திகளை விடுவிப்பதற்கு ஈடாக, திரு நாதன் தலைமையில் 13 சிங்கப்பூர் அதிகாரிகள் அந்த ஆயுததாரிகளுடன் ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போனார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இரு வீட்டார் எதிர்ப்பையும் தாங்கிப் பல ஆண்டுகள் காத்திருந்து 1958இல் கைப்பிடித்த வங்காளப் பெண்மணி, திருமதி ஊர்மிளா. கணவர் திரும்பி வரும்வரை அந்த அம்மையார் எப்படிப் பொழுதைக் கழித்திருப்பார் என்று நம் மகளிர் பிரிவுத் தலைவி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த மாலையின் பயனாக, நம் பேட்டையில் தனியே வாழும் மூத்தோரை மாதம் ஒருமுறை வீட்டில் சென்று பார்க்கத் தொடங்கினோம். நோட்டைப் பற்றிக் கேட்ட சிறுவனும் தாத்தாவுடன் தவறாமல் வருகிறான். பழங்களைச் சுமப்பது அவன் பொறுப்பு. மேலும் தொண்டூழியர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றே என்னிடம் பெயர் தரலாம்.

அந்தப் பழைய நாளிதழைச் சட்டமிட்டுச் சங்க அறையில் மாட்ட செயலவை முடிவு செய்துள்ளது. உரியவரும் இசைந்துவிட்டார்.

இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்