புது லைனிங்கில் உடனே தீ மூட்ட வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கழிவு மரம் எரிக்கும் அடுப்புக்கு உள் லைனிங் போட்டு முடித்ததும், "நாளைக்கே பற்ற வைக்கலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். அடுப்பு ஒரு நாள் நின்றால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியும். ஆனாலும் வேண்டாம் என்கிறோம்.

பேலட் கட்டையும் ரீப்பர் துண்டும் ப்ளோயர் காற்றில் எரிந்தால் உள்ளே 1000 டிகிரியைத் தொடும். அதைத் தாங்கத்தான் ஹை அலுமினா சிமென்ட் சேர்ந்த காஸ்டபிளை, அதாவது கான்கிரீட் போல ஊற்றி இறுகவிடும் சூடு தாங்கும் கலவையை, உள் லைனிங்காக ஊற்றுகிறோம். சாதாரண சிமென்ட் அந்தச் சூட்டில் கட்டு விட்டுவிடும். ஆற்று மணலோ 573 டிகிரியில் சட்டென்று உப்பும். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று யாராவது இவற்றைக் கலந்தால் சம்மதிக்காதீர்கள்.

பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. காஸ்டபிளில் கலந்த தண்ணீரில் ஒரு பங்கு வெறும் ஈரம். 110 டிகிரியில் போய்விடும். இன்னொரு பங்கு சிமென்ட்டோடு பிணைந்திருக்கும். அது 200, 300 டிகிரிக்கு மேல்தான் விடும். நீராவியாகும்போது தண்ணீர் சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் லைனிங்கையே பெயர்த்துவிடும்.

போன கார்த்திகையில் ஒரு சலவைக் கூடத்தின் வெந்நீர் பாய்லருக்கு அப்படித்தான் ஆனது. அவசரம் என்றார்கள், நாங்களும் விட்டுக்கொடுத்தோம். மூன்றே மணி நேரத்தில் டப்பென்று சத்தம். இரண்டு கை அகலத்துக்கு லைனிங் பெயர்ந்து, அதைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் கம்பி வெளியே தெரிந்தது. விழுந்த துண்டின் முன்பக்கம் வெளுத்துக் காய்ந்திருந்தது, பின்பக்கம் தொட்டால் ஈரம். தவறு எங்களுடையது, எங்கள் செலவிலேயே திரும்பப் போட்டுக் கொடுத்தோம்.

அதனால் இனி இப்படித்தான் செய்வோம். ஊற்றியபின் 24 மணி நேரம் ஈரச் சாக்கு, அப்புறம் ஒரு நாள் காற்றாட விடுவோம். பிறகு சுள்ளி வைத்துச் சின்னத் தீ. மணிக்கு 25, 30 டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டோம். 110, 350, 550 டிகிரிகளில் சில மணி நேரம் அப்படியே நிறுத்துவோம். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளோடு எங்கள் ஆள் கூடவே இருப்பார். நீராவித் துளையருகே கண்ணாடித் துண்டைக் காட்டிப் பார்ப்பார். அது மங்கினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு நாள் கூடும்.

கலவைக்கு எங்கள் ஆட்கள் கேன் தண்ணீர் கேட்டால் தயவுசெய்து வாங்கிக் கொடுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை சரியாக இறுகாது.

அடுப்பை நிறுத்தும் தேதியைப் பத்து நாள் முன்னதாகச் சொன்னால் போதும், அதற்கேற்ப ஆட்களை ஒதுக்கி வைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் உலை லைனிங் பட்டறை,
அம்பத்தூர், சென்னை