சார்ட் வாங்க வேண்டாம், வீட்டிலுள்ள பழைய தாளே போதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் இந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கொலாஜ் என்கிற ஒட்டுப்படம் செய்துவருகிறார்கள். இதற்காகச் சிலர் கலர் சார்ட், ஜிகினா, ஸ்டிக்கர் என்று கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். வேறு சிலர், "படிக்கிற நேரத்தில் பேப்பரைக் கிழித்து ஒட்டுவானேன்?" என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

முதலில் செலவு. தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். பழைய செய்தித்தாள், தேதி கிழிக்கிற காலண்டரின் தாள்கள், விசேஷம் முடிந்த பத்திரிகைகள், ஜவுளிக்கடை அட்டைப் பெட்டி, தீர்ந்துபோன நோட்டின் மேலட்டை, மளிகைக் கடைப் பொட்டலத் தாள் எல்லாம் எங்களுக்கு வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குத் தனி மவுசு. அதன் கெட்டித் தாளும் மெரூன் நிறமும் பொன் அச்சும் எந்த சார்ட்டிலும் கிடைக்காது. பஸ்ஸிலும் ஏ.டி.எம்.மிலும் மெஷினில் வருகிற வழுவழுப்பான சீட்டுகள் மட்டும் வேண்டாம். அவற்றில் ரசாயனப் பூச்சு இருக்கிறது, எழுத்தும் சீக்கிரம் மங்கிவிடும்.

சாமி படம் உள்ள தாளை வெட்டுவது பல வீடுகளில் மனசுக்கு ஒப்பாது என்பது தெரியும். பத்திரிகையின் முகப்புப் பிள்ளையாரையும் மஞ்சள் தடவிய மூலையையும் நீங்களே எடுத்துவைத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள். தவறி வந்தாலும் அதைக் கிழிக்க மாட்டோம், பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இன்னொன்று: சென்ற வாரம் வந்த கட்டுக்குள் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் நகலும் இருந்தன. கட்டுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இனி, எதற்காக இந்த வேலை என்பது. ஆரம்பத்தில் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "சார், எதைப் பார்த்துச் செய்யணும்?" என்பதுதான். போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, அதை அப்படியே செய்து மார்க் வாங்குவது பழகிப்போயிருக்கிறது. எங்கள் ஓவிய ஆசிரியர் அதை மாற்றிவிட்டார். என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே முடிவு பண்ணக்கூடாது. குவியலிலிருந்து கைக்கு வந்த நாலைந்து தாளை எடுத்துக் கிழித்து, திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கூந்தல் எண்ணெய் விளம்பரம் கிடைத்தது. கருகருவென்ற முடியைக் கிழித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு அதைக் குறுக்காகத் திருப்பி, "எருமை முதுகு!" என்றான். காலண்டர் தாளிலிருந்து பெரிய 3 ஒன்றை வெட்டிப் படுக்க வைத்தான், கொம்பு வந்துவிட்டது. அவன் வீட்டில் எருமை இருக்கிறது. நாள்தோறும் பார்க்கிற முதுகுதான், ஆனால் ‘எருமை வரை’ என்று சொல்லியிருந்தால் அவன் அதை இப்படிக் கண்டிருப்பானா என்பது சந்தேகம். யோசனை வரட்டும் என்று காத்திருப்பதைவிட, கையில் ஒரு துண்டுத் தாள் இருந்தால் அது சீக்கிரம் வருகிறது.

நாலு, அஞ்சாம் வகுப்புக்குக் கத்தரிக்கோல் கிடையாது, கையால் கிழிப்பதுதான். அதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்டதுபோல் வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். தாளுக்குள் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதுதான் காரணம். அறிவியல் டீச்சர் இதை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு பாடம் நடத்திவிட்டார். கலர் தாளைக் கிழித்தால் ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளை வரி தெரியும், மற்றதில் தெரியாது. எந்தக் கையைத் தன் பக்கம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. மேகத்துக்கும் அலைக்கும் அந்த வெள்ளை வரியைப் பிள்ளைகள் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

"எனக்கு வரைய வராது" என்கிற பிள்ளைகள்தான் இதில் முன்னே நிற்கிறார்கள். அது எனக்கு ஆச்சரியமில்லை. முன்போல் வரைய முடியாமல் போன பெரிய ஓவியர்களே தாளைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலியோடு வாழ நேர்ந்தது. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி அமைத்தார். 1953-இல் அவர் செய்த ‘நத்தை’ ஏறக்குறைய 3 மீட்டர் சதுரம். நம் நாட்டில், மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி ஐம்பது வயதுக்கு மேல் பார்வையை முழுக்க இழந்தவர். அதன் பிறகும் தொட்டு உணர்ந்து வண்ணத்தாள் ஒட்டுப்படங்கள் செய்தார். இரண்டு பேரின் படங்களையும் எட்டாம் வகுப்புக்குக் காட்டினோம்.

பசையும் பள்ளியிலேயே காய்ச்சுகிறோம். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்கிவிடலாம். சுவரொட்டிப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வீட்டில் காய்ச்சினால் கட்டாயம் போடாதீர்கள். அன்றன்றைக்குச் செய்து மிச்சத்தைக் கொட்டிவிடுவதே நல்லது. பசை அதிகமானால் தாள் ஊறிச் சுருங்கும். மெல்லத் தடவி, ஒட்டி, மேலே பழைய தாள் போட்டு இராத்திரி முழுக்கப் பாரம் வைத்தால் சுருக்கம் வராது.

ஒரு வேண்டுகோள். பாதியில் வீட்டுக்கு வரும் படத்தை நீங்கள் சரிசெய்து அனுப்பாதீர்கள். போன மாதம் வந்த ஒரு மயில் அவ்வளவு கச்சிதமாக இருந்தது, ஆனால் அதைக் கொண்டுவந்த பிள்ளைக்கு அது எந்தத் தாள் என்று சொல்லத் தெரியவில்லை. உதவ விரும்பினால், "இது எங்கே கிடைச்சுது?" என்று கேளுங்கள். நிறையப் பேசுவார்கள்.

தாள்களை வியாழக்கிழமைக்குள் சணல் கட்டி, பிள்ளை தூக்கக்கூடிய கனத்தில் அனுப்புங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று படங்கள் வராந்தாவில் மாட்டப்பட்டிருக்கும். கூட்டத்துக்கு அரைமணி முன்னதாக வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்