பழைய நீர்த்தேக்கப் படங்களை ‘அழகாக்கும்’ முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களின் பழைய விடியற்காலைப் படங்கள் வாட்ஸ்அப்பில் நிறையவே சுற்றுகின்றன. அப்பா எடுத்தது, மாமா எடுத்தது என்று ஆல்பத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பளிச்சென்று ஆக்கி அனுப்புகிறார்கள். கல்யாணப் படம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நீர்ப்பரப்பின் விடியலுக்கு இந்தப் பளிச் ஆகாது. மூடுபனியும் மங்கிய எதிர்க்கரையும் செயலியின் கணக்கில் பழுது. பனியைத் துடைத்துவிட்டு, அங்கே இல்லாத இலைகளைத் தானே வரைந்து வைக்கிறது. எது விடியல், எது பழுது என்று தெரிந்துகொண்ட பிறகே படத்தில் கைவைக்க வேண்டும்.

நிறத்திலிருந்து தொடங்கலாம். 1970களில் கழுவிய வண்ணப் பிரிண்டுகள் பலவும் இன்று செவ்வென்று இருக்கும். இருட்டான அலமாரியில் வைத்திருந்தாலும் பச்சைநீலச் சாயம்தான் முதலில் மங்கும்; மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். ‘என்ன அருமையான சூரிய உதயம்’ என்று பகிரப்படும் சில படங்களில் சிவந்திருப்பது வானமல்ல, தாள். கண்டுபிடிப்பது எளிது. மரத்தடி நிழலையும் கைப்பிடிச் சுவரின் சிமெண்டையும் பிரிண்டின் வெள்ளை ஓரத்தையும் பாருங்கள். உண்மையான விடியலில் செம்மை வானத்திலும் அதைப் பிரதிபலிக்கும் நீரிலும் மட்டுமே இருக்கும். நிழல்கள் நீலம் பாய்ந்திருக்கும். நிழலும் சிவந்து ஓரமும் பழுத்திருந்தால் அது சாயத்தின் வேலை. ஸ்கேன் செய்த பிறகு வானத்தை வைத்து நிறத்தைச் சரிசெய்யாதீர்கள். அந்தச் சிமெண்ட் சாம்பல் நிறமாகும் வரை சரிசெய்தால் போதும், வானம் தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது மங்கல். இதில் நாலு வகை உண்டு, நாலையும் ‘பனி’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையான மூடுபனி நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும். தூரம் போகப்போக அடர்த்தி கூடும். அருகிலுள்ள புல்லும் கல்லும் கூர்மையாகவே தெரியும். தெளிவான வானமும் காற்றடங்கிய இரவும் அமைந்து, நீரைவிடக் காற்று குளிர்ந்திருந்தால் இது வரும். புகைமூட்டம் அப்படியல்ல. மேலும் கீழும் ஒரே சீராக, பழுப்பு கலந்து பரவி, சூரியனைச் செம்பு நாணயம்போல் காட்டும். 2013 ஜூன் 21ஆம் தேதி 3 மணி நேரக் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அந்த மாதத்துப் படத்தையோ 2015 செப்டம்பர், அக்டோபர் படங்களையோ ‘பனி மூடிய காலை’ என்று தலைப்பிடுவது சரியல்ல. மூன்றாவது, லென்ஸ் வியர்த்தது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கரைக்கு வந்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். படத்தின் நடுப்பகுதி பால்போல் வெளிறும், முன்னாலிருக்கும் கல்லும் சேர்ந்து மங்கும். (இன்றும் நடக்கிறது. கேமராவை மூடிய பிளாஸ்டிக் பையோடு வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டு, பிறகு திறந்தால் வியர்க்காது.) நான்காவது பூஞ்சை. உருப்பெருக்கியில் பார்த்தால் வேர்போலக் கிளைவிட்டிருக்கும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை தின்றபின் நீரில் கரையும், படமும் கூடவே போய்விடும். உலர வைத்து, அப்படியே ஸ்கேன் செய்வதுதான் வழி.

ஸ்லைடுகளிலும் நெகட்டிவ்களிலும் இன்னொரு வேடிக்கை. அலையில்லாத நீர்ப் படத்தைத் தலைகீழாக ஸ்கேன் செய்தாலும் சட்டென்று தெரியாது. இடவலமாகத் திரும்பியிருந்தால் சொல்லவே வேண்டாம். பிரதிபிம்பம் எப்போதும் நிஜத்தைவிட இருண்டிருக்கும், ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம். படத்தின் மேற்பாதியைக் கருக்கும் வடிகட்டி போட்டு எடுத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது கிளைகளைப் பாருங்கள்: கிளையின் அடிப்பக்கம் கூடுதலாகத் தெரிவது பிரதிபிம்பம். இடவலத்துக்கு ஃபிலிமின் ஓர எழுத்துகள் உண்டு. பளபளப்பான பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகப் படிக்க வந்தால் படமும் நேர்.

சாய்வைச் சரிசெய்வதில் பெரும்பாலோர் எதிர்க்கரையைக் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். கரை அடிவானமல்ல, வளைந்து விலகி ஓடுவது. அதைக் கிடையாக்கினால் நீர் ஒரு பக்கம் வழிவதுபோல் இருக்கும். படத்தின் நடுவில் ஒரு மர உச்சியையும் அதன் பிரதிபிம்ப உச்சியையும் கோட்டால் இணையுங்கள். காற்றில்லாத நீரில் அந்தக் கோடு செங்குத்தாகத்தான் இருந்தாக வேண்டும். அது நிமிரும் வரை படத்தைத் திருப்பினால் சரி.

ஸ்கேன் அளவு பற்றிச் சுருக்கமாக. 4ஆர் (6 x 4 அங்குலம்) பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி. 3600 x 2400 பிக்சல் கிடைக்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு 4000 புள்ளி, சுமார் 21 மெகாபிக்சல். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் போட்டுவிட்டு விடியல் வானத்தின் ஒளியையும் நிறத்தையும் இழுத்துச் சரிசெய்தால் படிக்கட்டுபோல் பட்டைகள் விழும். தானியங்கித் தூசி நீக்கம் வண்ண ஃபிலிமுக்கு உதவும். கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகளையே தூசியென்று நினைத்துப் படத்தைக் கெடுக்கும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பிரிண்டைப் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கு நூலை அடியில் செலுத்தி அறுக்கப் பாருங்கள், வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 2000களின் டிஜிட்டல் படம் என்றால், குறுந்தட்டு இன்னும் திறக்கும்போதே நகலெடுத்துவிடுங்கள். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருந்தால் அதிர்ஷ்டம். அன்றைய 6 மெகாபிக்சலிலிருந்தும் இன்றைய மென்பொருள் நிழல்களை நன்றாக மீட்டுத் தருகிறது. வானத்தில் ஒரே இடத்தில் படத்துக்குப் படம் வரும் கரும்புள்ளி பறவையல்ல, சென்சார் தூசி.

காலத்தைக் கணிப்பதில் ஒரு முக்கியமான தவறு நேர்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. இன்று சூரியன் ஏறத்தாழ 6.46க்கும் 7.16க்கும் இடையில் எழுகிறது. நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம், பிப்ரவரி நடுவில் தாமதம். 1982க்கு முந்தைய கடிகாரத்தில் இது 6.16 முதல் 6.46 வரை. ஆகவே 1978 நவம்பர் படத்தின் பின்னால் ‘காலை 6.25’ என்று எழுதி, படத்தில் சூரியன் நன்றாகத் தெரிந்தால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. இன்று அதே நேரத்துக்குப் போனால் இருட்டில் கொசுக்கடிதான்.

பெயர்களும் உதவும். ‘தாம்சன் ரோடு நீர்த்தேக்கம்’ என்றிருந்தால் அது மெக்ரிட்சிதான். 1868ல் கட்டி முடித்ததற்கு மெக்ரிட்சி என்ற பெயர் வந்தது 1922ல்தான். வெறும் ‘பியர்ஸ்’ என்றிருந்தால் 1975க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆண்டு மேல் பியர்ஸ் வந்த பிறகே மேல், கீழ் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. ராக்கெட் வடிவப் பார்வைக் கோபுரம் தெரிந்தால் அது சிலேத்தார், 1969க்குப் பிந்தியது. பிடோக் என்றால் 1986க்கு முன்னால் போக முடியாது. தெங்கே நீர்த்தேக்கத்தின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் அதற்குத் தனி மதிப்பு: 2021 முதல் அங்கே ஏறத்தாழ 45 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 122,000 சூரியத் தகடுகள் மிதக்கின்றன. அந்த இடத்தில் மேகத்தின் பிரதிபிம்பம் இனிக் கிடைக்காது.

அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்க விரும்புவோர், பழைய படத்தில் அருகிலுள்ள கம்பத்தையும் தொலைவிலுள்ள ஓர் உச்சியையும் தேர்ந்துகொள்ளட்டும். கம்பம் பழைய இடத்தைவிட இடப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் அதிகம் போய்விட்டீர்கள். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்து மறுபடி பாருங்கள். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கைப்பேசியில் 2 மடங்குப் பெரிதாக்கம் ஏறக்குறைய ஒத்துவரும். தேதியும் பொருந்த வேண்டும். பிப்ரவரி 20ல் சூரியன் எழும் அதே புள்ளியில் அக்டோபர் 22 வாக்கிலும் எழும். ஆனால் பிப்ரவரியில் 7.15ஐ ஒட்டி, அக்டோபரில் 6.47ஐ ஒட்டி. நீர் கண்ணாடியாக வேண்டுமானால் அக்டோபரே மேல். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று இன்னும் ஓயாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று பொழுது புலருமுன்பே வந்துவிடலாம். நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் நேராக மேலேறுவதால், வெளிச்சம் பரவத் தொடங்கிச் சூரியன் தலைகாட்ட 20 நிமிடச் சொச்சம்தான். பலகைப் பாதையில் முக்காலி வைத்தால் மெதுவோட்டக்காரர் கடந்து, பலகையின் அதிர்வு அடங்கிய பிறகே அழுத்துங்கள். அரை விநாடி திறப்பில் ஒரு காலடி போதும், எதிர்க்கரை இரட்டையாக விழும். பிளாஸ்டிக் பையைத் தரையில் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு அது உணவுப் பொட்டலம்.

நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வாசகர்களின் பழைய நிலக்காட்சிப் படங்களை வெளியிடும்போது இடம், ஆண்டு ஆகியவற்றோடு ‘நிறம் சரிசெய்யப்பட்டது’, ‘செயலி மாற்றியது’ என்று ஒரு சொல்லையும் கீழே சேர்க்க வேண்டும். அனுப்புவோர் திருத்தாத ஸ்கேனையும் கூடவே அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். பிரிண்டின் பின்னால் விவரம் குறிப்பவர்கள் பந்துமுனைப் பேனாவைத் தவிர்க்கவும். அழுத்தம் முன்பக்க வானத்தில் தடித்துத் தெரியும். தாளாக இருந்தால் மென்பென்சில் போதும். வழவழப்பான பின்பக்கத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்