மாரிகால மின்பட்டியலும் இருண்ட வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் திருகோணமலையில் மின்விசிறிகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆயினும் கார்த்திகை, மார்கழி மாத மின்பட்டியல் அதற்கேற்பக் குறைவதில்லை. எங்கள் வீட்டில் சென்ற மாரியில் அது கூடியே வந்தது. மின்மானி பழுதாகியிருக்கும் என்று முதலில் ஐயுற்றேன். பின்னர் ஒரு வாரம் தாளும் பென்சிலுமாக இருந்து கணக்குப் பார்த்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் நானே நின்று கட்டுவித்த முன் சாய்ப்பு, அதாவது வீட்டு முகப்போடு ஒட்டிச் சாய்வாக இறக்கி அடைத்த தகரக் கூரைதான் அதற்குக் காரணம் என்பது தெரியவந்தது.

கனடாவில் வாழும் என் மைத்துனர் ஒவ்வொரு மார்கழியிலும் குளிர்காலச் சிக்கன ஆலோசனைகளை எனக்கு அனுப்புவார். யன்னல் இடுக்குகளை அடைப்பதும் கூரைக்குள் வெப்பம் கடத்தாத பஞ்சை நிரப்புவதும் அங்கே மிகச் சரியான செயல்கள். பணம் கொடுத்துச் சூடாக்கிய காற்று வெளியே போய்விடக் கூடாதல்லவா! இங்கே வீட்டைச் சூடாக்குவார் எவருமில்லை. மாரியில் நாமும் அவ்வாறு எல்லாவற்றையும் அடைத்து வைத்தால், சமையலின் நீராவியும் ஈர உடுப்புகளின் நீராவியும் வெளியேற வழியின்றிச் சுவரில் படிந்து, தை பிறப்பதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். நம் மாரிகாலச் செலவைக் கூட்டுபவை இருட்டும் ஈரமுமே.

முதலில் இருட்டைப் பற்றிச் சொல்கிறேன். பழைய 60 வாற்றுக் குமிழ்கள் நான்கு பகலில் 10 மணிநேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 2.4 அலகு, மாதத்துக்கு 72 அலகு செலவாகும். அவற்றுக்குப் பதிலாக 9 வாற்று எல்.இ.டி. குமிழ்களைப் பூட்டினால் மாதத்துக்கு ஏறத்தாழ 11 அலகு போதும். ஆனால் அந்த 11 அலகையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது. வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே வேறொரு கட்டண அட்டவணைக்குள் நாம் தள்ளப்படுகிறோம். அதற்கு மேலும் 90, 120, 180 என்று படிகள் உள்ளன. படியின் விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்குப் பகல் விளக்கொன்றே போதும், அடுத்த படிக்கு ஏற்றிவிட.

ஈரத்தின் கதை வேறு. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க அரை அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும் என்பது பௌதிகவியல். அதை எந்த மின்னழுத்தியாலும் ஏமாற்ற முடியாது. பாடசாலைச் சீருடையை ஈரத்தோடு அழுத்தி உலர்த்தும் வீடுகள் இந்த மாதங்களில் ஏராளம். அதுவும் பெரும்பாலும் இரவு ஏழு, எட்டு மணிக்கு, நாடு முழுவதும் மின்பாவனை உச்சத்தில் இருக்கும் வேளையில். கூரையுள்ள, காற்றோட்டமான விறாந்தையில் முதல்நாளே கொடி கட்டிக் காயவிட்டால் வாடைக்காற்று அந்த வேலையில் பெரும்பகுதியைச் செலவின்றிச் செய்துவிடும். குளிப்பதற்கான வெந்நீரைப் பொறுத்தவரை, 20 லீற்றர் நீரை 26 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க மூன்றிலொரு அலகு செலவாகும். ஐந்துபேர் உள்ள வீட்டில் தினமும் அது நடந்தால் மாதம் 50 அலகு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் நம் முற்றத்தில் இல்லாதபடியால், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் வெந்நீர் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துகொண்டோம். அதனால் பேரனுக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இவ்வளவுக்கும் அடிப்படை வீட்டின் அமைப்பாகும். நம் ஊரின் மாரி மழை வடகிழக்கே கடலிலிருந்து சாய்ந்தடித்து வருவது. மழை 45 பாகையில் சாய்ந்து விழுவதாகக் கொண்டால், யன்னலுக்கு நேர் மேலே 2 அடி நீண்டிருக்கும் கொங்கிறீற்றுத் தட்டு, தனக்குக் கீழே 2 அடியை மட்டுமே நனையாமல் காக்கும்; 4 அடி உயரமான யன்னலின் கீழ்ப்பாதி நனைந்தே தீரும். ஆகவே யன்னலைச் சாத்துகிறோம், சாத்தியதும் விளக்கைப் போடுகிறோம். பழைய வீடுகளில் தாழ இறங்கிய ஓட்டுக் கூரையும் அகன்ற திறந்த விறாந்தையும் இருந்தமையால் அடைமழையிலும் யன்னல்கள் திறந்தே கிடந்தன. வெள்ளையடித்த சுவர் கிடைத்த வெளிச்சத்தை உள்ளே அனுப்பியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போர் முடிந்த பின்னரும் எழுந்த திட்ட வீடுகளில் நான் பார்த்தவற்றுட் பல, கடல் எந்தப் பக்கம், வாடை எந்தப் பக்கம் என்று பாராமல் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. குடியேறியவர்கள் சாரலுக்குப் பயந்து தகரச் சாய்ப்பை இறக்கி மூன்று பக்கமும் அடைத்துவிட்டார்கள். படித்திருந்தும் நானும் அதையே செய்தேன்.

இவ்வாண்டு அந்தச் சாய்ப்பின் தெற்குப் பக்கத்தை அரைச் சுவராக்கி மேலே கம்பி வலை போட்டோம். இரண்டு தகரங்களைக் கழற்றி ஒளிபுகும் தகடுகளைப் பொருத்தினோம். உட்சுவருக்கு வெள்ளை பூசினோம். காலையிலிருந்து மாலை நான்கு மணிவரை இப்போது கூடத்தில் விளக்கெரிவதில்லை; பாவனை 90 அலகுக்குள் வந்துவிட்டது.

வாடகை வீட்டில் இருப்போரால் சுவரை இடிக்க முடியாது. கூரையில் ஓர் ஒளித்தகடு போடும் செலவையேனும் வீட்டுக்காரர் ஏற்றால் நன்று.

சம்பூரில் 120 மெகாவாற்று சூரியமின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் வைக்கப்பட்டபோது மாவட்டமெங்கும் அதுவே பேச்சாயிருந்தது. முகிலடைந்த மார்கழிப் பகலில் சூரியகலம் கொடுப்பதும் குறைவுதான் என்பதையும் சேர்த்தே நாம் பேசவேண்டும். எமது உள்ளூராட்சி மன்றங்கள் வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும்போது, எல்லைக்கோட்டையும் மலசலகூடக் குழியையும் அளப்பதோடு நில்லாமல், வடகிழக்கு யன்னலுக்கு மேலே கூரை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் பின்னர் இறக்கப்படும் சாய்ப்பு எந்த யன்னலை மறைக்கும் என்பதையும் பார்த்து, விண்ணப்பகாரருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.