லவ்லெஸ் இசைத்தட்டு: ஆடுவது ஆல்பம் அல்ல, நீங்கள் அனுப்பிய தட்டின் இரண்டாம் பக்கம்

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மையம் தவறி அழுத்தப்பட்ட இசைத்தட்டை மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மை ப்ளடி வேலண்டைன் என்ற ராக் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான லவ்லெஸ் இசைத்தட்டை உங்களிடம் வாங்கினேன். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் சுருதி ஆடுகிறது, வலப்பக்க ஒலிபெருக்கியில் கிழிசல் சத்தம் வருகிறது என்று எழுதியதற்கு உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில் இது: “இந்த ஆல்பமே அப்படித்தான் கேட்கும். ரசிகர்களின் கருத்துகளைப் படித்துப் பாருங்கள்.” அதோடு என் கோரிக்கையை முடித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்வது வேறு விஷயத்தை. 1991 நவம்பரில் இந்த ஆல்பம் வந்த நாளிலிருந்து, முதல் தடவை கேட்பவர் பலருக்கு “டேப் இழுக்கிறதோ, தட்டு வளைந்திருக்கிறதோ” என்ற சந்தேகம் வந்துகொண்டேதான் இருக்கிறது. காரணம் குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் வாசிக்கும் முறை. ட்ரெமோலோ கம்பியை, அதாவது சுருதியை ஏற்றி இறக்கக் கிட்டாரில் பொருத்திய கைப்பிடியை, கைக்குள் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். அதனால் ஒவ்வொரு மீட்டுக்கும் சுருதி சற்று வழுக்கி இறங்கி ஏறும். டு ஹியர் நோஸ் வென் பாட்டில் அந்த வழுக்கல்தான் பாட்டே. குரல்களும் கிட்டாருக்கு அடியில் புதைந்து கிடக்கும். முதல் ஆல்பத்தின் கரடுமுரடு இதில் போய்விட்டது என்று குறைப்படுபவர்கள் உண்டு, குரல் இன்னும் மேலே வந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு, ஒலி அளவு குறைவு என்பவர்களும் உண்டு. அவையெல்லாம் ரசனை பற்றிய பேச்சு. என் புகாரோ அளந்து பார்க்கக்கூடியது.

வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் பிரடை தளர்ந்து சுருதி இறங்குவதும் ஒன்றல்லவே. அதே வித்தியாசம்தான் இங்கே.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகும். தட்டின் நடுத்துளையும் இசை பதிந்த தடங்களின் மையமும் ஒன்றாக அமையாவிட்டால், முள்ளுக்கு அடியில் தடம் ஓடும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கூடி ஒரு முறை குறையும். சுருதியும் அதே கணக்கில் ஏறி இறங்கும். ஷீல்ட்ஸின் வழுக்கல் அவர் கை மீட்டும் தாளத்தோடு போகும். அதுவும் கிட்டாரை மட்டும்தான் வளைக்கும். என் தட்டின் இரண்டாம் பக்கத்தில் பாடகி பிலிண்டா புட்சரின் குரல், பேஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்தே ஆடுகின்றன. பாட்டின் தாளம் எதுவானாலும் சரியாக 1.8 நொடிக்கு ஒரு முறை. சம்டைம்ஸ் பாட்டில் டிரம்ஸ் முன்னால் வந்து மறைப்பதில்லை. அதன் பிற்பகுதியில் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு சுரங்களைக் கேட்டாலே போதும், கடிகாரம் வைத்து எண்ணலாம்.

எவ்வளவு விலகல் என்பதையும் அளந்தேன். தட்டு ஓடும்போது முள் பொருத்திய கையின் முனை இடவலமாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னால் அசையாமல் ஒரு அளவுகோலை நிறுத்தினால் அசைவு துல்லியமாகத் தெரியும். முதல் பக்கத்தில் கை ஆடாமல் மெதுவாக உள்நோக்கி நகர்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மில்லிமீட்டர் போய் வருகிறது. மைய விலகல் அதில் பாதி, அதாவது 1 மில்லிமீட்டர். பொதுவாக ஏற்கப்படும் எல்லை 0.2 மில்லிமீட்டர்தான்.

இந்த 1 மில்லிமீட்டர் பக்கம் முழுதும் ஒரே மாதிரி கேட்காது. விலகலை அந்த இடத்தின் ஆரத்தால் வகுத்தால் வேக மாறுபாடு கிடைக்கும். வெளி ஓரத்தில், இந்தப் பக்கத்தின் முதல் பாட்டான கம் இன் அலோன் தொடங்கும் இடத்தில் ஆரம் ஏறக்குறைய 145 மில்லிமீட்டர்; மாறுபாடு 0.7 சதவீதம். கடைசிப் பாட்டான சூன் முடியும் இடத்தில் ஆரம் 65 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; மாறுபாடு 1.5 சதவீதம். 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய சுரம் அங்கே 433க்கும் 447க்கும் இடையே ஊசலாடுகிறது. ஒரு அரைச்சுரத்தின் கால் பங்கு மேலே, கால் பங்கு கீழே. இந்தப் பக்கம் 25 நிமிடத்துக்கும் மேல் ஓடுவதால் சூன் பாட்டு உள் வளையத்தில்தான் போய் முடிந்தாக வேண்டும். குறை மிகப் பெரிதாக விழுவது அந்த 7 நிமிடப் பாட்டின் மேல் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

“உங்கள் டர்ன்டேபிளைச் சர்வீஸ் செய்யுங்கள்” என்றும் உங்கள் பதிலில் இருந்தது. டர்ன்டேபிளில் கோளாறு என்றால் முதல் பக்கமும் ஆட வேண்டும், மற்றத் தட்டுகளும் ஆட வேண்டும். ஆடவில்லை. தட்டின் இரு பக்கங்களும் இரு தனித்தனி உலோக அச்சுகளால் அழுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றையும் தனியாக மையம் பார்த்துப் பொருத்த வேண்டும். ஆகவே ஒரு பக்கம் சரியாகவும் மறு பக்கம் விலகியும் வருவது அச்சு பொருத்தியதில் நேர்ந்த பிழையின் தெளிவான அடையாளம். அந்த அச்சில் அழுத்திய எல்லாத் தட்டுகளிலும் இதே குறை இருக்கும். உங்கள் கிடங்கில் அதே தொகுதியில் வந்த மற்றப் பிரதிகளையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தொலைபேசியில் பேசியவர் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றார். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். துளை இரு பக்கத்துக்கும் பொது. இரண்டாம் பக்கத்துக்காக அகட்டினால் நன்றாக இருக்கும் முதல் பக்கமும் நடுத்தண்டில் இறுக்கம் இல்லாமல் நிற்கும். பிறகு எந்தப் பக்கத்தைப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் கையால் மையம் தேட வேண்டியதுதான். துளை அகட்டிய தட்டை நீங்களே திருப்பி வாங்கவும் மாட்டீர்கள்.

இனி அந்தக் கிழிசல் சத்தம். ப்ளோன் எ விஷ் பாட்டின் தொடக்கத்தில் சுமார் 20 சுற்றுகளுக்கு, வலது ஒலிபெருக்கியில் மட்டும், துணி கிழிவது போல வருகிறது. அழுத்தும்போது வெப்பமோ நேரமோ போதாமல் பிளாஸ்டிக் தடத்தின் சுவரை முழுக்க நிரப்பாவிட்டால் இப்படி ஆகும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் தடத்தின் மேல் வெள்ளிப் பொடி தூவியது போலத் தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன். இதையும் “இசைக்குழுவின் இரைச்சல்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஷீல்ட்ஸ் இந்த ஆல்பத்தில் கிட்டாரை இடம் வலம் என்று பிரிக்காமல் பெரும்பாலும் நடுவிலேயே வைத்திருக்கிறார். அவருடைய இரைச்சல் இரண்டு ஒலிபெருக்கியிலும் சமமாக வரும். ஒரு ஒலிபெருக்கியில் மட்டும் 1.8 நொடி இடைவெளியில் எகிறி அடங்கும் இரைச்சல் அவருடையது அல்ல. ஈரத் துடைப்பில் இரண்டு முறை சுத்தம் செய்தும் மாறவில்லை. நிரம்பாத தடம் துடைத்தால் நிரம்பாது. முள் தட்டை அழுத்தும் எடையை 3.5 கிராமாக ஏற்றச் சொன்னதையும் நான் செய்யவில்லை. முள்ளைத் தாங்கும் என் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடை 2 கிராம், அதைத்தான் வைத்திருக்கிறேன்.

2012இல் வந்த இரட்டைக் குறுந்தட்டுப் பதிப்பில் இரண்டு தட்டுகளின் பெயர்களும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் இந்த ஆல்பத்தின் ரசிகர்கள். 19 ஸ்டுடியோக்களில், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பதிவான இசையை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்பவர்களின் கருத்தை, ஒரு பழுதான தட்டுக்குச் சாக்காகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. குழுவின் மேலோ பதிப்பின் மேலோ எனக்குக் குறை இல்லை. இந்தப் பிரதி பழுது. அதைக் கேட்டுப் பார்க்காமலேயே பதில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவே. வேறு தொகுதியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, அனுப்புவதற்கு முன் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் முள்ளை வைத்து, கையின் அசைவை ஒரு நிமிடம் பாருங்கள். அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தால் அனுப்புங்கள். அப்படி ஒரு பிரதி கிடைக்கவில்லை என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்; கூப்பன் வேண்டாம். பழுதான தட்டை எடுத்துப்போகும் கூரியர் செலவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். “ஆல்பமே அப்படித்தான்” என்ற அந்த ஆயத்தப் பதிலையும் நீக்கிவிடுங்கள். இதே தட்டை முதல் தடவை வாங்கும் ஒருவர் அதை நம்பி, சூன் உண்மையிலேயே இப்படித்தான் ஒலிக்கும் என்று எண்ணிக்கொள்வார்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன்.

இணைப்பு: பில் நகல், அளவுகோலுடன் கை அசையும் காணொளி (இரு பக்கங்களும்), சம்டைம்ஸ் பாட்டின் ஒலிப்பதிவு, தடத்தின் படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்