மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பருவ இறுதிக் கடிதம்: பள்ளிச் செய்திகளும் பிற்பகல் வகுப்பும்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம்தான். இந்தப் பருவமும் நல்லபடியாக முடிகிறது. போட்டி விளையாட்டு மழைக்குத் தப்பி நடந்தேறியது. மாவட்டச் செந்தமிழ் விழாவில் கதை சொல்வதிலும் கவிதை ஒப்புவிப்பதிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துவிட்டன. கழிப்பறைக் கூரையும் ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. உழைத்த எல்லாருக்கும் வாழ்த்து.

சரி, இப்போது பிற்பகல் வகுப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் 2.00 மணி முதல் 3.30 வரை மலாய்மொழியும் கணிதமும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கவனித்துக்கொள்கிறது. 3.45க்குள் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் நாம் பேசிக்கொண்டது. ஆனால் இப்போது 5 மணிக்கும் சில பிள்ளைகள் காவலாளிக் கொட்டகை பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தனியே விட்டுப் போக முடியாது. யாராவது ஓர் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆசிரியருக்கும் பராமரிப்பாளர் வீட்டில் ஒரு குழந்தை காத்திருக்கிறது. அங்கே நேரம் கடந்தால் அவர் தன் கைக்காசைக் கொடுக்கிறார். அடுத்த பருவத்தில் இந்த வகுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாமா என்று இருவர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இது நின்றுபோனால் என்ன நட்டம் என்று சிலர் நினைக்கலாம். ஆறு வருடம் தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் காலெடுத்து வைத்ததும் வரலாறு மலாய்மொழியில் வருகிறது. கணிதமும் அறிவியலும் பெரும்பாலான பள்ளிகளில் அப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரர் அதே மொழியில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்தவர். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் தாளை வெறுமையாகக் கொடுத்த நம் முன்னாள் மாணவர்களை எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் பொதுத் தேர்வு இருந்த காலத்தில் மலாய்த் தாளில் தேறாதவர்கள், முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் படிப்பே வெறுத்துப்போனவர்கள் உண்டு. யூபிஎஸ்ஆர் கடைசியாக நடந்தது 2019இல். 2021இல் அதை ரத்து செய்தார்கள், அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வும் போனது. பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தேர்வுப் பயம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதன்பின் சில ஆண்டுகள், ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு வரை, அதாவது 17 வயது வரை, பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு பொதுத் தேர்வும் இல்லாமல் போனது. பின்தங்குவது சத்தமில்லாமல் நடக்கிறது.

"இந்திய மாணவர்கள் பின்தங்குகிறார்கள்" என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 2013இல் வெளிவந்த மலேசியக் கல்விப் பெருந்திட்டம், நகரம் கிராமம், குடும்ப வசதி, ஆண் பெண் ஆகிய மூன்று இடைவெளிகளை 2020க்குள் பாதியாகக் குறைக்கப் போவதாகச் சொன்னது. அந்தப் பட்டியலில் இனம் இல்லை. குடும்ப வசதிதான் பிள்ளையின் தேர்ச்சியை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்றும் அதே திட்டம் சொல்கிறது. பகல் ஒரு மணிக்கு நம் வாசலில் நின்றாலே இது விளங்கிவிடும். காலையில் ஒரே கரும்பலகையைப் பார்த்த இருவரில் ஒருவர் டியூஷனுக்குப் போகிறார். இன்னொருவர் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூட்டிய வீட்டுக்குப் போகிறார். அம்மாவும் அப்பாவும் 12 மணி நேர ஷிப்ட். இனங்களுக்கு இடையே உள்ளதாகச் சொல்லப்படும் இடைவெளியில் பெரும் பங்கு இந்தப் பிற்பகல்களில்தான் உண்டாகிறது என்பது என் கருத்து. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி மையத்தைத் தொடங்கி, பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வைத்ததும் இந்தக் கவலையால்தான்.

தாமதமாக வரும் பெற்றோரில் பலர், யாருக்காக இந்த வகுப்பை ஆரம்பித்தோமோ அவர்களேதான். அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். தாமதத்துக்கு ஐந்து ரிங்கிட் அபராதம் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் இப்படி அபராதம் போட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2000இல் வெளிவந்தது. தாமதமாக வருபவர்கள் குறைவதற்குப் பதில் ஏறக்குறைய இருமடங்கானார்கள்; அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. காசு கொடுத்தாயிற்று, இனி என்ன குறுகுறுப்பு என்று ஆகிவிடுகிறது. தவிர, ஓவர்டைம் பார்க்கும் அம்மாவிடம் அந்த ஐந்து ரிங்கிட்டை வாங்க எனக்கு மனமும் இல்லை.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். தாமதமாக வருபவர் எல்லாரும் வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. பேரங்காடியில் பொருள் வாங்கிக்கொண்டே "இதோ வந்துட்டேன் டீச்சர்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்புவது ஆசிரியர்களை அவமதிப்பது. அடுத்த பருவத்தில், முன்கூட்டியே தெரிவிக்காமல் மூன்று முறை 3.45ஐத் தாண்டினால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைக்குப் போகும். இதில் சிபாரிசு எதுவும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு வழி செய்திருக்கிறோம். ஷிப்ட் மாறும் வாரங்களை வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகள் 4.30 வரை நூலகத்தில் இருக்கலாம்; சங்கத்து அம்மாக்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். போதுமான பேர் சேர்ந்தால் 3.45க்கு இன்னொரு நடை எடுக்கப் பள்ளி வேன்காரர் சம்மதித்திருக்கிறார். ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் கலந்துபேசி, ஒருவரே மூன்று நான்கு பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆனால் யார் அழைத்துப் போகிறார்கள் என்பது எங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாத சித்தப்பாவிடம் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம்.

அப்புறம், வாசலில் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரவு வேலை முடித்துத் தூங்காமலே பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து மோட்டார் சைக்கிளில் இரண்டு நடையாக அழைத்துப் போகும் ஒரு பாட்டியும் இருக்கிறார். நேரத்துக்கு வரும் உங்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிதம் தேவையே இல்லை, படித்ததற்கு நன்றி. பணம் வாங்காமல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், மதியம் மீகூன் (அரிசிச் சேமியா) பிரட்டித் தரும் சங்கத்தாருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.

பிள்ளையின் பெயர், வகுப்பு, அழைத்துப் போக அனுமதி பெற்ற இருவரின் பெயர், வேன் வேண்டுமா வேண்டாமா என்பதை இணைப்புத் தாளில் நிரப்பி, விடுமுறைக்கு முந்தைய வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்